மேக்ரோ லென்ஸ் வாங்குவதற்கு முன்னால்: டியூப், ரிவர்ஸ் ரிங், குளோஸ்-அப் லென்ஸ் எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்ப்போம்

எறும்பின் தாடை, பட்டாம்பூச்சி இறக்கையில் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கியிருக்கும் செதில்கள், பழைய நாணயத்தில் பாதி தேய்ந்துபோன எழுத்து. இதையெல்லாம் பெரிதாகப் படம் எடுக்க ஆசைப்பட்டு, அதற்கென்றே செய்த மேக்ரோ லென்ஸின் விலையைப் பார்த்ததும் பலருக்குப் பாதி ஆசை அங்கேயே அடங்கிவிடுகிறது. மலிவான வழி இருக்கிறதா என்று நாலு பேரைக் கேட்டால் ஒருத்தர் லென்ஸுக்குப் பின்னால் மாட்டும் டியூப் வாங்கு என்கிறார், இன்னொருத்தர் ரிவர்ஸ் ரிங் என்ற வளையத்தால் இருக்கிற லென்ஸையே திருப்பி மாட்டு என்கிறார், மூன்றாமவர் முன்னால் குளோஸ்-அப் லென்ஸ் என்ற ஒரு கண்ணாடி போட்டால் போதும் என்கிறார், நாலாமவர் இதெல்லாம் வெட்டி வேலை, காசு சேர்த்து ஒரேயடியாக மேக்ரோ லென்ஸே வாங்கிவிடு என்கிறார்.

நாலு பேர் சொல்வதும் சரிதான், சிக்கலே அதுதான். ஒவ்வொருவரும் தன் பையில் இருக்கும் லென்ஸை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார். 50 மி.மீ. லென்ஸில் (மி.மீ. எண் லென்ஸின் ஃபோக்கல் நீளம்; அது கூடினால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்) பிரமாதமாக வேலை செய்யும் வழி 70–300 ஜூமில் படுத்துவிடும்; அங்கே அசத்துவது இங்கே உதவாது. அதனால் இந்த ஒப்பீட்டில் நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போவது ஒரே கேள்வி: உங்களிடம் ஏற்கெனவே என்ன லென்ஸ் இருக்கிறது?

## எதை வைத்து எடை போடுவது

உருப்பெருக்கம். 1:1 என்றால் பொருளின் நிஜ அளவும் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவும் ஒன்றே. 10 மி.மீ. வண்டு சென்சாரிலும் 10 மி.மீ. இடத்தைப் பிடிக்கும். பாதி அளவு விழுந்தால் 0.5 மடங்கு. உங்கள் லென்ஸ் இப்போது எவ்வளவு தரும் என்று பார்க்க ஒரு ஸ்கேல் போதும். லென்ஸை மேனுவல் ஃபோக்கஸில் போட்டு, வளையத்தை மிகக் கிட்டத்துக்குத் திருப்பி, அப்புறம் வளையத்தைத் தொடாமல் கேமராவையே முன்னும் பின்னும் நகர்த்தி, ஸ்கேல் தெளிவாகத் தெரியும் இடத்தில் ஒரு படம் எடுங்கள். படத்தின் அகலத்தில் எத்தனை மி.மீ. தெரிகிறது என்று எண்ணி, சென்சாரின் அகலத்தை அந்த எண்ணால் வகுக்க வேண்டும். ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சார் 36 மி.மீ., அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி 23.5 மி.மீ., கேனான் ஏபிஎஸ்-சி மட்டும் கொஞ்சம் குறைவாக 22.3. ஏபிஎஸ்-சி கேமராவில் 94 மி.மீ. தெரிந்தால் 0.25 மடங்கு. கேமராவோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸ்கள் பெரும்பாலும் இந்த அளவைச் சுற்றியே இருக்கும், 50 மி.மீ. எஃப்/1.8 வகைகள் இன்னும் குறைவு, 0.15 முதல் 0.2 வரை.

எவ்வளவு தேவை என்பது எடுக்கப்போகும் பொருளைப் பொறுத்தது. பூவுக்கும் முழுப் பட்டாம்பூச்சிக்கும் 0.3 முதல் 0.5 வரை தாராளம். வண்டு, ஈ, சிலந்தி என்றால் 1. எறும்பின் முகமோ குதிக்கும் சிலந்தியின் கண் வரிசையோ வேண்டும் என்றால் 2, அதற்கு மேலும் வேண்டியிருக்கும்.

இடைவெளி. லென்ஸின் முன்விளிம்புக்கும் பொருளுக்கும் நடுவே மிஞ்சும் தூரம். லென்ஸ் விவரத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்ச ஃபோக்கஸ் தூரம் சென்சாரிலிருந்து அளந்தது, அதை நம்பி ஏமாறக் கூடாது. 30 செ.மீ. என்று போட்டிருக்கும் 100 மி.மீ. மேக்ரோவில் லென்ஸுக்கு முன்னால் நிஜமாக மிஞ்சுவது அதில் பாதிதான்.

வெளிச்சம். பெருக்கம் கூடக் கூட சென்சாருக்கு வரும் ஒளி குறையும். அப்பர்ச்சர் என்னும் ஒளித்துளையின் அளவைச் சொல்வது எஃப் எண், எண் கூடினால் துளை சின்னது. லென்ஸில் வைத்த எஃப் எண்ணை (1 + பெருக்கம்) என்பதால் பெருக்கினால் நடைமுறையில் கிடைக்கும் எஃப் எண் கிடைத்துவிடும். 1:1-இல் எஃப்/8 வைத்தால் எஃப்/16 வைத்த மாதிரிதான், இரண்டு ஸ்டாப் போச்சு (ஒரு ஸ்டாப் போனால் ஒளி பாதியாகும்).

வசதி. ஆட்டோஃபோக்கஸ் வேலை செய்யுமா, பாடியிலிருந்து (லென்ஸ் நீங்கலான கேமரா) அப்பர்ச்சரை மாற்ற முடியுமா, அவசரத்துக்குக் கழற்றிவிட்டுச் சாதாரணப் படம் எடுக்க முடியுமா.

தரம். மூலைகள் தெளிவாக இருக்கின்றனவா, விளிம்புகளில் ஊதா, பச்சைக் கோடு வருகிறதா. பூச்சிக்கு மூலை முக்கியமில்லை. தபால்தலைக்கும் நெகட்டிவுக்கும் மூலைதான் எல்லாமே.

## ஒரே பார்வையில்

| | எக்ஸ்டென்ஷன் டியூப் | ரிவர்ஸ் ரிங் | குளோஸ்-அப் லென்ஸ் | மேக்ரோ லென்ஸ் |
|---|---|---|---|---|
| எந்த லென்ஸோடு சேரும் | 35–85 மி.மீ. | 18–50 மி.மீ., பழைய மேனுவல் லென்ஸ் என்றால் நல்லது | 100 மி.மீ.க்கு மேல், டெலி ஜூம் | தனியாகவே |
| பெருக்கம் | 0.5–1.3 | 0.5–3 | 0.5–2 | 1 |
| இடைவெளி | 5–12 செ.மீ. | 5–9 செ.மீ., பெருக்கம் குறைந்தால் இன்னும் கூடும் | 12–50 செ.மீ. | 60 மி.மீ.இல் குறைவு, 100 மி.மீ.இல் சுமார் 14 செ.மீ. |
| ஒளி இழப்பு | 1–2.5 ஸ்டாப் | 1–4 ஸ்டாப் | கிட்டத்தட்ட இல்லை | 1:1-இல் 2 ஸ்டாப் |
| ஆட்டோஃபோக்கஸ், அப்பர்ச்சர் | மின்தொடர்பு உள்ள டியூபில் உண்டு | இல்லை | உண்டு | உண்டு |
| வீட்டில் செய்யலாமா | செய்யலாம், பயன் குறைவு | தாராளமாக | செய்யலாம் | முடியாது |

## சும்மா கிராப் செய்தால் போதாதா?

பல நேரம் போதும். 24 மெகாபிக்சல் படம் 6000 × 4000 பிக்சல். அதைப் பாதி அகலத்துக்கு வெட்டினால் 3000 × 2000, இரண்டு மடங்கு பெரிதாக்கிய மாதிரி. திரையில் பார்ப்பதற்கும் சின்னப் பிரிண்டுக்கும் இது தாராளம். கிட் லென்ஸின் 0.25-ஐ வைத்துக்கொண்டு பூவும் பட்டாம்பூச்சியும் மட்டும் எடுப்பவர்கள் எதுவும் வாங்க வேண்டியதில்லை, வெளிச்சத்தைச் சரிசெய்தாலே படம் மாறிவிடும். எறும்புக்குப் போக நினைப்பவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

## எக்ஸ்டென்ஷன் டியூப்

உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் வளையம். பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டினால் லென்ஸ் சென்சாரை விட்டு விலகுகிறது, அதனால் இன்னும் கிட்டப்போய் ஃபோக்கஸ் செய்ய முடிகிறது. கணக்கு எளிது: டியூபின் நீளத்தை லென்ஸின் ஃபோக்கல் நீளத்தால் வகுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் பெருக்கம். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. டியூப் போட்டால் 0.5 கூடும், லென்ஸிடம் ஏற்கெனவே இருக்கும் 0.15-ஐயும் சேர்த்தால் 0.65. டிஎஸ்எல்ஆருக்கு (உள்ளே ஆடி உள்ள கேமரா) வரும் மூன்று டியூப் செட்டில் 12, 20, 36 என்று மொத்தம் 68 மி.மீ. இருக்கும், அத்தனையையும் 50-இல் மாட்டினால் 1:1-ஐத் தாண்டி 1.3-க்கு மேல் போய்விடலாம். ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கான செட்கள் பெரும்பாலும் 10-ம் 16-ம் சேர்ந்து 26 மி.மீ.தான், 1:1 வேண்டும் என்றால் இரண்டு செட் வாங்கி அடுக்க வேண்டும். வாங்குவதற்கு முன் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்காதவர்கள்தான் பின்னால் டியூபைத் திட்டுகிறார்கள்.

இதே கணக்கை 200 மி.மீ. லென்ஸுக்குப் போடுங்கள். 36 மி.மீ. டியூப் கொடுப்பது 0.18. மெனக்கெட்டதற்குப் பலன் இல்லை. மறுபக்கம் 18 மி.மீ. லென்ஸில் 12 மி.மீ. டியூப் போட்டால் காகிதத்தில் 0.67 வரும், ஆனால் ஃபோக்கஸ் ஆகும் இடம் லென்ஸின் முன்கண்ணாடியை ஒட்டியோ கண்ணாடிக்கு உள்ளேயோ போய்விடும், அங்கே எந்தப் பூச்சியையும் உட்கார வைக்க முடியாது. ஆகவே டியூப் என்பது நடுத்தர நீளத்துக்கான விஷயம். 50 மி.மீ. இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முதலில் இதைத்தான் சொல்வேன்.

மலிவான டியூப்களில் மின்தொடர்பு இருக்காது. அதாவது பாடிக்கு லென்ஸ் இருப்பதே தெரியாது, அப்பர்ச்சரை மாற்ற முடியாது. அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸ் என்றால் இது ஒரு பிரச்சினையே இல்லை. இல்லாவிட்டால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, தங்க நிறப் புள்ளிகள் உள்ள டியூபையே வாங்குங்கள். அதிலும் மவுண்ட் (லென்ஸும் பாடியும் பூட்டிக்கொள்ளும் வளையம்) உலோகமா பிளாஸ்டிக்கா என்று பார்க்க வேண்டும். மூன்று டியூபை அடுக்கி லென்ஸையும் மாட்டினால் பிளாஸ்டிக் மவுண்ட் லேசாகத் தொங்கும், தொடர்பு விட்டுப்போய் கேமரா பிழைச்செய்தி காட்டும்.

வீட்டில் செய்யலாமா? பாடி கேப், லென்ஸின் பின்மூடி இரண்டையும் நடுவில் ஓட்டை போட்டு, இடையில் ஒரு குழாய்த்துண்டை ஒட்டினால் டியூப் தயார். குழாயின் உட்புறத்துக்கு மேட் கறுப்புப் பெயின்ட் மட்டும் போதாது, சாய்வாக விழும் ஒளியில் அதுவும் பளபளக்கும், படத்தின் நடுவே வெளுத்த வட்டமாக வந்து நிற்கும். கறுப்பு வெல்வெட் தாளை ஒட்டுவதுதான் சரி. செய்து பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மின்தொடர்பு இல்லாத ரெடிமேட் டியூபே மலிவாகக் கிடைக்கும்போது இதற்காக ஒரு நாளைச் செலவழிப்பது எனக்குத் தேவையாகப் படவில்லை. அந்த நாளை அடுத்த வழிக்குக் கொடுங்கள்.

## லென்ஸைத் திருப்பி மாட்டுவது

கைவேலையில் ஆசை இருப்பவர்களுக்கு இதுதான் விருந்து. லென்ஸின் ஃபில்டர் திருகை பாடிப் பக்கமாக வைத்து மாட்டினால், பின்பக்கம் பூச்சியைப் பார்க்கும். சாதாரண லென்ஸ் தூரத்துப் பெரிய பொருளைச் சின்னச் சென்சாரில் விழவைக்கத்தான் வடிவமைக்கப்பட்டது. 1 மடங்கைத் தாண்டும்போது பொருள் சின்னது, பிம்பம் பெரியது என்று கதை தலைகீழாகிவிடுகிறது, அதனால் லென்ஸையும் தலைகீழாக மாட்டினால் தரம் நன்றாகவே வரும்.

இதில் அகன்ற கோணமே அதிகப் பெருக்கம். டிஎஸ்எல்ஆரில் 50 மி.மீ. திருப்பினால் ஏறக்குறைய 1, 28 மி.மீ. திருப்பினால் இரண்டுக்குக் கொஞ்சம் மேல், 18–55 கிட் லென்ஸை 18-இல் வைத்துத் திருப்பினால் 3-ஐத் தாண்டும். ஜூம் வளையம்தான் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி. ஃபோக்கஸ் வளையத்தைத் திருப்பினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. இடைவெளியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பழைய ஃபிலிம் லென்ஸ்களும் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களும் மவுண்டிலிருந்து ஏறக்குறைய 45 மி.மீ. தள்ளி ஃபோக்கஸ் ஆகும்படி செய்யப்பட்டவை (நிக்கான் எஃப் 46.5, கேனான் இஎஃப் 44), ஆகவே எவ்வளவு பெரிதாக்கினாலும் மவுண்டுக்கு முன்னால் அந்த அளவு இடம் மிஞ்சியே தீரும்.

மிரர்லெஸ்காரர்கள் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பாடி மெலிந்தது, சோனி இ மவுண்டில் அந்தத் தூரம் 18 மி.மீ.தான், நிக்கான் இசட்டில் 16. லென்ஸ் சென்சாருக்கு 26 மி.மீ. கிட்ட வந்துவிடுவதால் 50 மி.மீ. லென்ஸில் பெருக்கம் அரை மடங்கு குறைந்துபோகும். ஒரு வெறும் டியூபை நடுவில் போட்டு அதை ஈடுகட்டலாம். இரண்டு, மிரர்லெஸ் லென்ஸையே திருப்புவதில் அர்த்தமில்லை, இடைவெளியும் கிடைக்காது, பாடி இல்லாமல் அப்பர்ச்சரை மாற்றவும் வழியில்லை.

அப்பர்ச்சர் தொல்லை டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களிலும் உண்டு. கேனான் இஎஃப் லென்ஸ் என்றால், நேராக மாட்டியிருக்கும்போதே எஃப்/8 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்ட் பிரிவியூ பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால் இதழ்கள் அப்படியே நிற்கும். எஃப்/11 வேண்டும் என்றால் மறுபடி அதே கூத்து. அப்பர்ச்சர் வளையம் இல்லாத நிக்கான் ஜி லென்ஸைக் கழற்றியதும் அப்பர்ச்சர் முழுதாக மூடிக்கொள்ளும், பின்னால் இருக்கும் குட்டி நெம்புகோலுக்குள் மடித்த காகிதத் துண்டைச் செருகி நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

இந்தத் தொல்லைகள் ஒன்றும் இல்லாத வழி, அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய மேனுவல் லென்ஸ். இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு லாபம் இருக்கிறது: திருப்பி மாட்டும்போது லென்ஸின் மவுண்ட் எந்தக் கம்பெனியுடையது என்பது பொருட்டே இல்லை, ஃபில்டர் திருகின் அளவு மட்டும்தான் வேண்டும். இன்று எந்தப் பாடியிலும் நேராக உட்காராத, யாரும் தேடாத மவுண்டில் வந்த 28 மி.மீ. லென்ஸ் இதற்கு அருமையாகப் பொருந்தும். டார்க்ரூம் என்லார்ஜரின் 50 மி.மீ. லென்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. தட்டையான நெகட்டிவைத் தட்டையான தாளில் விழவைக்கச் செய்தது என்பதால் மூலை வரை தெளிவாக இருக்கும்.

### வளையத்தை வீட்டில் செய்ய

ரெடிமேட் ரிவர்ஸ் ரிங்கும் மலிவுதான், ஆனால் உங்கள் லென்ஸின் திருகு அளவில் கிடைக்கவில்லை என்றால் செய்துகொள்ளலாம். ஒரு பாடி கேப், கண்ணாடி கீறல் விழுந்த பழைய ஃபில்டர் ஒன்று போதும். ஃபில்டரின் கண்ணாடியைப் பிடித்திருக்கும் உள்வளையத்தைத் திருகிக் கழற்றிக் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். கேப்பின் நடுவில் பெரிய ஓட்டை போட்டு விளிம்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இரண்டும் ஒட்டும் பரப்பைச் சொரசொரப்பாக்கி, ஃபில்டரின் ஆண் திருகு வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்து, இரண்டு பாகம் கலக்கும் எபாக்சியால் ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். உடனடிப் பசை வேண்டாம்; அது காயும்போது வரும் ஆவி சுற்றியுள்ள பரப்பில் வெள்ளையாகப் படியும், அது கண்ணாடிப் பக்கம் போனால் வம்பு. ஒட்டியதைக் கழுவி, காயவைத்து, பிளாஸ்டிக் தூள் ஒரு பொட்டுகூட இல்லை என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகே பாடியில் மாட்ட வேண்டும். சென்சாரில் தூள் விழுந்தால் மிச்சப்படுத்திய காசு அதைச் சுத்தம் செய்யப் போய்விடும்.

கனமான லென்ஸை இதில் தொங்கவிட வேண்டாம். சின்ன 50-ம் 28-ம் போதும்.

மறைந்திருக்கும் செலவு என்றால், லென்ஸின் பின்கண்ணாடி வெளியே திறந்து கிடக்கிறது. செடிக்குள் நுழையும்போது கீறல் விழுவது அந்தக் கண்ணாடியில்தான். லென்ஸின் பின்மூடியை நடுவில் வெட்டி எடுத்து மாட்டினால் அதுவே குட்டி ஹூட் ஆகிவிடும், பக்கவாட்டு ஒளியையும் தடுக்கும்.

இதன் சகோதர வழி ஒன்று உண்டு: நேராக மாட்டிய டெலி லென்ஸின் முன்னால் இன்னொரு லென்ஸைத் தலைகீழாகத் திருகுவது. இரு பக்கமும் ஆண் திருகு உள்ள வளையம் வேண்டும். முதல் லென்ஸின் நீளத்தை இரண்டாவதன் நீளத்தால் வகுத்தால் பெருக்கம். 200-க்கு முன்னால் 50 வைத்தால் 4 மடங்கு. திருப்பிய லென்ஸை முழு அப்பர்ச்சரில் திறந்து வைத்துவிட்டு, பின்னால் இருக்கும் லென்ஸில் அப்பர்ச்சரைக் கட்டுப்படுத்தலாம். மூலைகள் கறுக்கும், முன்பக்கப் பாரத்தில் ஆட்டோஃபோக்கஸ் மோட்டார் திணறும், அதனால் மேனுவலில் போட்டுவிடுங்கள். மேசைமேல் வைத்து எடுப்பவர்களுக்கான வேலை இது.

## குளோஸ்-அப் லென்ஸ்

லென்ஸின் முன்னால் ஃபில்டர் மாதிரி திருகும் பூதக்கண்ணாடி. இதன் வலிமையைச் சொல்வது டயாப்டர் என்ற அலகில். 1000-ஐ டயாப்டரால் வகுத்தால், லென்ஸ் முடிவிலியில் (வெகுதூரத்துக்கு ஃபோக்கஸ் செய்து) இருக்கும்போது பொருள் எத்தனை மி.மீ. தூரத்தில் தெளிவாகும் என்பது வரும். +4 என்றால் 250 மி.மீ. பெருக்கமோ, லென்ஸின் நீளத்தை அந்தத் தூரத்தால் வகுத்தால் வரும். 50 மி.மீ. முன்னால் +4 போட்டால் வெறும் 0.2. அதே கண்ணாடியை 200-இன் முன்னால் போட்டால் 0.8. டியூபின் கணக்குக்கு நேர் எதிர்! நீளமான லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது கொடுத்து வைத்த விஷயம்.

பூச்சிகளை வெட்டவெளியில் துரத்துபவர்களுக்கு இதில் இன்னொரு சௌகரியம். டெலி ஜூமில் மாட்டினால் ஜூம் செய்தாலும் ஃபோக்கஸ் அவ்வளவாக நகராது. 70-இல் வைத்துப் பூச்சியைத் தேடிப்பிடித்து, அப்படியே 300-க்கு இழுக்கலாம். டியூபில் இது நடக்கவே நடக்காது, ஜூம் வளையத்தைத் தொட்டாலே எல்லாம் மங்கிவிடும். வெளிச்சமும் குறைவதில்லை. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த நிமிடம் மரத்திலிருக்கும் பறவையை எடுக்கலாம்.

ஆனால் எல்லா குளோஸ்-அப் லென்ஸும் ஒன்றல்ல. +1, +2, +4, +10 என்று நாலும் ஒரே டப்பாவில் மலிவாக வருபவை ஒற்றைக் கண்ணாடி. அவற்றில் நிற விளிம்பு தெரியும், ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் படம் பஞ்சு மாதிரி ஆகிவிடும். (அடுக்கியே ஆக வேண்டும் என்றால் வலிமை கூடியது கேமரா லென்ஸை ஒட்டி.) இரண்டு, மூன்று கண்ணாடி சேர்த்துச் செய்த அக்ரோமாட் வகை வேறு ரகம். ரேனாக்ஸ் டிசிஆர்-150 என்பது +4.8, டிசிஆர்-250 என்பது +8. கிளிப் மாதிரி மாட்டுவதால் 52 முதல் 67 மி.மீ. திருகு வரை எதிலும் உட்காரும். 200 மி.மீ. முன்னால் 150-ஐப் போட்டால் கிட்டத்தட்ட 1:1, இடைவெளி 20 செ.மீ. 250-ஐப் போட்டால் 1.6, ஆனால் இடைவெளி 12 செ.மீ. ஆகச் சுருங்கும். கேனான் 500டி +2 மட்டுமே, 50 செ.மீ. தள்ளி நின்று பட்டாம்பூச்சி எடுக்க நல்லது.

கைவேலைக்காரர்களுக்கு: உடைந்த பைனாகுலரின் முன்கண்ணாடியும் பெரும்பாலும் அக்ரோமாட்தான். எதிர்ச்சுவரில் தூரத்து ஜன்னலின் பிம்பம் கூர்மையாக விழும் வரை கண்ணாடியை நகர்த்தி, கண்ணாடிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்தால் ஃபோக்கல் நீளம் ஏறக்குறையத் தெரிந்துவிடும், 200 மி.மீ. வந்தால் அது +5. பழைய ஃபில்டர் வளையத்தில் ஒட்டும்போது திசை முக்கியம். பைனாகுலரில் வெளியே பார்த்துக்கொண்டிருந்த பக்கம் இப்போது கேமரா லென்ஸைப் பார்க்க வேண்டும், உள்ளே பார்த்த பக்கம் பூச்சியை. மாற்றி வைத்தால் தெளிவு போய்விடும்.

## அசல் மேக்ரோ லென்ஸ்

இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் இதில் யோசிக்க அதிகம் இல்லை. முடிவிலியிலிருந்து 1:1 வரை எதையும் கழற்றி மாட்டாமல் போகலாம், மூலை வரை தெளிவு, ஆட்டோஃபோக்கஸ், ஆள் படத்துக்கும் உதவும். 1:1-இல் இதிலும் ஒளி குறையும்; நிக்கான் பாடிகள் கிட்டப் போகப் போக எஃப் எண் மாறுவதைத் திரையிலேயே காட்டும், லென்ஸில் கோளாறு என்று பதற வேண்டாம்.

வாங்குவதானால் 60-ஐவிட 90–105. 60 மி.மீ. வகையில் 1:1-க்குப் போனால் லென்ஸின் நிழலே பூச்சிமேல் விழும். பலர் மறப்பது இன்னொன்று: பெரும்பாலான மேக்ரோ லென்ஸ் 1:1-இல் நின்றுவிடும். எறும்பின் முகத்துக்கு இதன்மேலும் டியூபோ ரேனாக்ஸோ போட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே இப்போது வாங்கும் குளோஸ்-அப் லென்ஸ் வீணாகாது.

நடுவழி ஒன்று உண்டு, பழைய மேனுவல் மேக்ரோ. மைக்ரோ-நிக்கார் 55 மி.மீ. எஃப்/3.5 தனியாக 0.5 வரை போகும், 27.5 மி.மீ. டியூப் போட்டால் 1:1 (27.5-ஐ 55-ஆல் வகுத்துப் பாருங்கள்). அசையாத பொருள்களுக்கு இதைவிட லாபமான கொள்முதல் எனக்குத் தெரியவில்லை.

## எந்த வழியில் போனாலும் வந்து நிற்கும் செலவு

வெளிச்சம். ஃபுல் ஃபிரேமில் 1:1-இல் எஃப்/11 வைத்தாலும் தெளிவாக இருக்கும் ஆழம் 1.3 மி.மீ. அளவுதான்; 2 மடங்கில் எஃப்/8 என்றால் 0.4 மி.மீ.கூட இல்லை. அப்பர்ச்சரை இன்னும் மூடலாமே என்றால், 1:1-இல் எஃப்/16 என்பது நடைமுறையில் எஃப்/32, சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுக்க மந்தமாகிவிடும். எஃப்/11-க்கு மேல் நான் போவதில்லை. அந்த அப்பர்ச்சரில் கையில் பிடித்து எடுக்க ஃபிளாஷ் வேண்டும். குறைந்த பவரில் ஃபிளாஷ் மின்னும் நேரம் மிக மிகக் குறைவு, நொடியைச் சில ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு, அதனால் கை நடுக்கமும் பூச்சியின் அசைவும் சேர்ந்தே உறைந்துவிடும். லென்ஸுக்குச் செலவழிக்க வைத்திருக்கும் காசில் ஒரு பகுதியை மேனுவல் ஃபிளாஷுக்கு ஒதுக்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். பாடியிலேயே எழும்பி நிற்கும் ஃபிளாஷ் உதவாது, டியூபின் நீளத்தில் லென்ஸ் அதை மறைத்துக் கீழே நிழலடிக்கும்.

ஃபிளாஷ் ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூசரை மட்டும் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். பொருள்களைப் பொதிந்து வரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாள் இரண்டு அடுக்கு, நடுவில் லென்ஸ் நுழைய ஓட்டை, ஃபிளாஷிலிருந்து லென்ஸ் நுனி வரை கூரை மாதிரி வளைத்து ரப்பர் பேண்ட் போட்டால் முடிந்தது. பூச்சிக்கு எவ்வளவு கிட்டக் கொண்டுபோகிறீர்களோ அவ்வளவு மென்மையான ஒளி. வண்டின் முதுகைப் பாருங்கள்: டிஃப்யூசர் இல்லாமல் ஒரே வெள்ளைப் புள்ளி எரியும், போட்ட பிறகு அந்த இடத்தில் ஓட்டின் நிறமும் குழிகளும் தெரியும். தாள் ஃபிளாஷ் முகப்பைத் தொடாமல் இருக்கட்டும், முழுப் பவரில் அடுத்தடுத்து அடித்தால் சூடேறும்.

## அப்போ எது?

50 மி.மீ. இருக்கிறது, ஆட்டோ அப்பர்ச்சர் வேண்டும் என்றால் மின்தொடர்புள்ள டியூப். 70–300 மாதிரி ஏதாவது இருக்கிறது, வெளியில் அலைந்து எடுப்பவர் என்றால் அக்ரோமாட் குளோஸ்-அப் லென்ஸ், இரண்டாவது யோசனையே வேண்டாம். கிட் லென்ஸ் மட்டும்தான், செலவு செய்ய மனமில்லை, ஆனால் பொறுமை நிறைய உண்டு என்றால் ரிவர்ஸ் ரிங். பழைய மேனுவல் 28 ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள். அசையாமல் இருக்கும் பொருளை 2, 3 மடங்கில் ஃபோக்கஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அடுக்கடுக்காக எடுத்து மென்பொருளில் ஒரே படமாகச் சேர்ப்பவர்களுக்கும் அதேதான்.

வாரம் தவறாமல் எடுக்கிறீர்கள், டியூபைக் கழற்றி மாட்டுவதற்குள் பூச்சி பறந்துபோவது எரிச்சலாகிவிட்டது என்றால் மேக்ரோ லென்ஸுக்கான நேரம் வந்துவிட்டது.

ஃபிலிம் நெகட்டிவைக் கேமராவால் பிரதியெடுக்கக் கேட்பவர்களுக்கு மட்டும் பதில் தனி. 35 மி.மீ. ஃபிரேம் 36 × 24, ஃபுல் ஃபிரேமில் அதற்குச் சரியாக 1:1, ஏபிஎஸ்-சியில் 0.65 போதும். பெருக்கம் எதிலும் கிடைக்கும், மூலைதான் பிரச்சினை. குளோஸ்-அப் லென்ஸ் வேண்டாம். 50-ம் டியூபும் எஃப்/8-இல் ஓரளவு சமாளிக்கும், பழைய 55 மி.மீ. மேக்ரோவோ, டியூபில் மாட்டிய என்லார்ஜர் லென்ஸோ இன்னும் நன்றாகச் செய்யும். எது வைத்தாலும் நெகட்டிவ் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியைப் படுக்கவைத்து, கேமராத் திரையில் லென்ஸின் பிரதிபலிப்பு நட்டநடுவில் விழும் வரை ஸ்டாண்டைத் திருத்துங்கள். அது நடுவில் வந்தால் கேமராவும் நெகட்டிவும் இணையாக இருக்கின்றன என்று அர்த்தம், அதற்கப்புறம் லைட் பாக்ஸைப் போட்டு வேலையைத் தொடங்கலாம்.